துண்டு போட்ட படுக்கை

அந்த மருத்துவமனையின் நாலாவது மாடிக்கு நோயாளிகள் வருவதில்லை. அங்கே இருப்பது சர்வர் அறை. மனிதர்களுக்கு ஃபேன்கூடச் சரியாகச் சுற்றாத கட்டடத்தில் இயந்திரங்களுக்கு மட்டும் இரவு பகலாக ஏசி ஓடும். அந்த அறைக்கு வெளியே, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து டேட்டாபேஸைக் கட்டி மேய்ப்பது சின்னவனின் வேலை. சின்னவன் என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். ஆபீசில் பூட்டு என்பார்கள். எந்தக் கோளாறு வந்தாலும் "எங்கயோ லாக் விழுந்திருக்கு" என்றுதான் ஆரம்பிப்பான். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவனுடைய அக்கா அதே கட்டடத்தின் தரைத்தளத்தில், அட்மிஷன் பிரிவின் மூன்றாம் கவுன்டரில் இருந்தாள். இது அங்கே ஒருவருக்கும் தெரியாது. வேலையில் சேர்ந்த முதல் நாளே சின்னவன் சொல்லிவிட்டான். "இங்க அக்கா தம்பின்னு காட்டிக்க வேணாம். சிபாரிசுல வந்தேன்னு பேசுவாங்க." என்ன பெரிய சிபாரிசு. அந்த வேலை காலியாக இருக்கிறது என்று விசாரித்து வந்து, நச்சரித்து நச்சரித்து அவனை விண்ணப்பம் போட வைத்தவளே அவள்தான். அதற்கும் முன்னால், வீட்டில் ஒருவர்தான் மேலே படிக்க முடியும் என்று வந்தபோது, "அவன் படிக்கட்டும்" என்று ஒதுங்கியவளும் அவள்தான். ஆனாலும் தம்பி சொன்னதும் தலையை ஆட்டிவிட்டாள். லிஃப்டில் எதிர்ப்பட்டால் "குட்மார்னிங் சார்" என்பாள். சும்மா சொல்லக் கூடாது, அதைச் சந்தோஷமாகவே சொன்னாள். தம்பியைச் சார் என்று கூப்பிடக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிற ரகம்.

படுக்கை ஒதுக்குவதில் அங்கே ஒரு விதி இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு படுக்கை காலியானால் கம்ப்யூட்டரில் பச்சையாகத் தெரியும். ஆனால் டாக்டரின் கையெழுத்து வாங்கி வந்து பதிந்தால்தான் அது நோயாளியின் பெயருக்கு வரும். டாக்டர் எந்த மூலையில் இருக்கிறார் என்று தேடிப் பிடித்துத் திரும்புவதற்குள் வேறொருவர் வேறொரு கையெழுத்தோடு வந்து அதைக் கொத்திக்கொண்டு போய்விடுவார். பெரும்பாலும் அந்த வேறொருவர் முதல் மாடியில் சோஃபா போட்டு வைத்திருக்கும் விஐபி டெஸ்க்காரர். அவர்களை டாக்டர்களே தேடி வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள்.

இதற்குக் கவுன்டர் பெண்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். பச்சையாகத் தெரியும் படுக்கையைத் திறந்து, 'திருத்து' என்ற பொத்தானை அழுத்தி, அப்படியே விட்டுவிட்டு டாக்டரைத் தேடிப் போவார்கள். திரும்பி வந்து சேமிக்கிறவரை, வேறு யார் அந்தப் படுக்கையைப் பதிய முயன்றாலும் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பஸ் ஜன்னல் வழியாகச் சீட்டில் துண்டு போடுகிற மாதிரிதான். அவர்களும் அதைத் துண்டு போடுவது என்றே சொன்னார்கள். எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தராத வித்தை இது. புதிதாக வேலைக்கு வரும் பெண்ணுக்குக் கழிப்பறை எங்கே என்று காட்டிய கையோடு இதையும் காட்டிக்கொடுப்பார்கள். அக்கா துண்டு போடுவதில் கெட்டிக்காரி. ஆள் பலம் இல்லாத எத்தனையோ பேர் அவள் போட்ட துண்டால் பிழைத்து வீடு போயிருக்கிறார்கள். அவர்களுக்கே அது தெரியாது.

மேலே சின்னவனின் திரையில் இதே காரியம் வேறு மாதிரி தெரிந்தது. டேட்டாபேஸுக்குள் நுழைய ஒவ்வொருவருக்கும் ஓர் இணைப்பு வேண்டும். கிளினிக் வராந்தாவில் இத்தனை நாற்காலிதான் என்பதுபோல இணைப்புகளுக்கும் ஒரு வரம்பு உண்டு. ஒருத்தி ஒரு படுக்கையைப் பூட்டிவிட்டுப் போனால், அதற்காகக் காத்திருப்பவர் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொள்வார். வட்டம் சுற்றுவதைப் பார்த்துப் பார்த்து எரிச்சலாகி, பக்கத்தை இன்னொரு முறை திறப்பார். இன்னொரு நாற்காலி போச்சு. கடைசியில் மருந்துக்கடைக்காரர், ரத்தப் பரிசோதனைக்காரர் என்று அந்தப் படுக்கைக்கும் தங்களுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்கிறவர்களுக்குக்கூட உட்கார இடம் இருக்காது. மருத்துவமனை மொத்தமும் அப்படியே நின்றுவிடும்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. ஒருவர் இவ்வளவு நேரத்துக்கு மேல் காத்திருந்தால், 'படுக்கை வேறொருவர் கையில் இருக்கிறது, பிறகு வாருங்கள்' என்று திருப்பி அனுப்பு என அமைப்பில் ஒரு வரி எழுதினால் போதும். துண்டு போட்டவள் துண்டோடு இருப்பாள், நாற்காலிகளும் காலியாகும். சின்னவனுக்கு இது நன்றாகவே தெரியும். ஆனால் அப்படிச் செய்தால் விஐபி டெஸ்க்கும் திருப்பி அனுப்பப்படும். அவர்கள் விழுந்து புரண்டு ஊரைக் கூட்டுவார்கள். எதற்கு வம்பு என்று, ஒவ்வொரு முறை முடங்கும்போதும் அவன் இணைப்பு வரம்பையே ஏற்றிவிட்டான். இடம் போதவில்லையா, இன்னும் நாலு நாற்காலியைப் போடு. எல்லாம் உடனே ஓடும், மேலிடம் முதுகைத் தட்டும், அடுத்த மாதம் இன்னும் பெரிதாக முடங்கும்.

ஒரு நாள் வீட்டில் சாப்பிடும்போது அக்கா இந்தத் துண்டு விஷயத்தைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள். அப்பா இருமும் அளவுக்குச் சிரித்தார். சின்னவன் சிரிக்கவில்லை. தன்னுடைய இத்தனை மாதத் தலைவலியும் எதிரே உட்கார்ந்து தன் தட்டில் பரிமாறிக்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. இதை அவன் மேலே சொல்லவில்லை. அக்காவைக் காப்பாற்றுவதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள், அதுதான் நிஜமான காரணம்.

அந்த வாரம் அவனுக்குத் துணை மேலாளர் பதவிக்கு நேர்காணல் இருந்தது. அந்த வாரம் பார்த்துத்தான் அப்பா குளியலறையில் விழுந்தார்.

அப்பா லாரி ஓட்டி ஓய்ந்த மனிதர். உடம்பின் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, வாய் கோணிப்போய்க் கிடந்தவரை அக்காவும் அம்மாவும் ஆம்புலன்சில் போட்டுக் கொண்டுவந்தார்கள். அவசரப் பிரிவில் இடமில்லை. ஸ்ட்ரெச்சர் நடைபாதையில், தண்ணீர் கேன்கள் அடுக்கி வைத்திருக்கும் இடத்தில் நின்றது. டாக்டர் கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். "மூச்சு தடுமாறுது. மிஷின் வைக்கணும். தீவிர சிகிச்சையில ஒரு படுக்கை கிடைச்சா பொழச்சுக்குவாரு" என்றார். கிடைக்காவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அக்கா அப்போதே கவுன்டருக்கு ஓடினாள்.

சின்னவன் கீழே வந்து ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் நின்றான். அப்பா நன்றாக இருக்கும் கையால் அவன் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பிடித்து, பக்கத்து ஸ்ட்ரெச்சர்காரருக்குக் காட்டி, குழறிக் குழறி ஏதோ சொன்னார்.

"எம் புள்ள இங்கதான் பெரிய வேலையில இருக்கான்னு சொல்றாரு" என்று அம்மா மொழிபெயர்த்தாள்.

சின்னவன் அட்டையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, தெரிந்த முகம் ஏதாவது நடைபாதையில் இருக்கிறதா என்று பார்த்தான். நல்ல வேளையாக இல்லை. அதற்குள் மேனேஜரிடமிருந்து அழைப்பு வந்தது. அவர் அனுப்பும் எல்லா மின்னஞ்சலுக்கும் தலைப்பு 'உடனடி' என்றே இருக்கும். பொங்கிய பாலுக்கும் உடனடி, பொத்தான் அறுந்ததற்கும் உடனடி. ஆகவே அவருக்குப் பெயரே உடனடி. இந்தத் தடவை நிஜமாகவே உடனடிதான். மருத்துவமனை மறுபடியும் முடங்கியிருந்தது.

அவன் படியேறும்போது அக்கா ஃபோனில் கூப்பிட்டாள். ஓடிக்கொண்டே பேசினாள், மூச்சு வாங்கியது.

"தம்பி, படுக்கை ஒண்ணு காலியாச்சுடா. துண்டு போட்டுட்டேன். ட்யூட்டி டாக்டர் ஆபரேஷன் தியேட்டர்ல இருக்காராம். வாசல்லயே நின்னு கையெழுத்த வாங்கிட்டு ஓடியாந்துடுறேன். அப்பாவ மட்டும் ஏத்திட்டோம்னா போதும். நீ கவலப்படாம வேலையப் பாரு."

"சரிக்கா" என்றான்.

நாலாவது மாடியில் உடனடி அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் பின்னால் நின்றால் பிடரியில் மூச்சுப் படும்.

"என்னய்யா இது. கீழ ஒரு ஈ காக்கா அசையல. விஐபி டெஸ்க்லருந்து டைரக்டருக்கே ஃபோன் போயிருச்சு. டைரக்டரோட சிநேகிதர் மாமியாருக்கு மூச்சு வாங்குதாம், ராத்திரி சரியா தூங்கலையாம், ஒரு நாள் உள்ள வச்சுப் பாக்கணும்னு கேக்கறாங்க. படுக்கை பச்சையாத் தெரியுது, போட முடியல. அசிங்கமா இருக்கு."

சின்னவன் திரையைத் திறந்தான். பார்த்த மாத்திரத்தில் புரிந்தது. மூன்றாம் கவுன்டர் ஒரு படுக்கையைப் பூட்டிவிட்டுச் சும்மா இருக்கிறது. அதன் பின்னால் வரிசையில் முதலாவதாக விஐபி டெஸ்க், இரண்டாவதாக விஐபி டெஸ்க், அதற்கப்புறமும் விஐபி டெஸ்க். பொறுமை இல்லாத யாரோ திரும்பத் திரும்பத் திறந்திருக்கிறார்கள். நாற்காலி முழுக்க அவர்களே உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் எல்லாரும் வாசலில் நின்றார்கள்.

"யாரது மூணாம் கவுன்டர்? உனக்குத் தெரியுமா?" என்று உடனடி கேட்டார்.

தெரியும், என் அக்கா, கீழே கிடப்பது என் அப்பா. இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. உடனடி கல்நெஞ்சக்காரர் இல்லை. அவருக்கும் அப்பா உண்டு. முகம் சுளித்திருப்பார், இதுவரை ஏன் மறைத்தாய் என்று கேட்டிருப்பார், நேர்காணல் கொஞ்சம் கோணலாகியிருக்கும். அவ்வளவே.

"தெரியாது சார். யாரோ ஒரு கவுன்டர் பொம்பள" என்றான் சின்னவன்.

"சீட்ட விட்டு எங்கயோ அரட்டை அடிக்கப் போயிருப்பா. தூக்கிடு அவள."

சின்னவன் திரையில் வரிசையைக் காட்டினான். "இல்ல சார், காத்திருக்கிறவங்கள திருப்பி அனுப்பினாலும் எல்லாம் ஓட ஆரம்பிச்சிடும். பூட்டுனவங்க திரும்பி வந்து முடிச்சிடுவாங்க."

"காத்திருக்கிறது யாரு?"

"விஐபி டெஸ்க்."

உடனடி குனிந்து அவன் முகத்தைப் பார்த்தார். கோபப்படவில்லை. "டைரக்டர் ஆளத் திருப்பி அனுப்பிட்டு, ஊர் சுத்தப் போனவள உக்கார வச்சுக் காப்பாத்தணும்ங்கிற. இதத்தான் வெள்ளிக்கிழமை நேர்காணல்ல சொல்லப்போறியா?"

மத்தியானத்துக்குள் இன்னொரு படுக்கை காலியாகும், தினமும் ஒன்றிரண்டாவது ஆகிறது என்று சின்னவன் நினைத்துக்கொண்டான். நினைத்துக்கொண்டே மூன்றாம் கவுன்டரின் இணைப்பைத் துண்டித்தான். அதோடு விடவில்லை. எதையாவது பூட்டிவைத்துவிட்டு ஒரு நிமிடத்துக்கு மேல் சும்மா இருக்கும் எவரையும் தானாகவே வெளியே தள்ளிவிடும்படி அமைப்பை மாற்றி எழுதினான். யாரும் சொல்லாமலே செய்தான். அது கேட்காமலே காட்டிய விசுவாசம்.

வட்டங்கள் நின்றன. மருந்துக்கடை ஓடியது, பரிசோதனைக்கூடம் ஓடியது. வானத்தைத் தொட்டுக்கொண்டிருந்த வரைபடக் கோடு பொத்தென்று தரைக்கு வந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் கை தட்டினார்கள். பூட்டையே உடைத்துவிட்டான் பூட்டு என்று ஒருவர் சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். சின்னவனும் சிரித்தான்.

அக்கா கையெழுத்தோடு கவுன்டருக்கு ஓடி வந்தபோது திரையில் ஓர் அறிவிப்பு இருந்தது: 'தங்கள் இணைப்பு முடிவுக்கு வந்தது. தயவுசெய்து மீண்டும் உள்ளே வரவும்.' அந்த வாசகத்தை எழுதியது சின்னவன்தான், எப்போதோ. தமிழில் மரியாதையாக இருக்க வேண்டும் என்று தங்கள், தயவுசெய்து எல்லாம் போட்டிருந்தான். அவள் மீண்டும் உள்ளே போனாள். படுக்கை சிவப்பாகியிருந்தது. அதில் யாரோ ஒரு மாமியாரின் பெயர் இருந்தது.

அவள் தம்பியைக் கூப்பிட்டாள். அவன் அழைப்பைத் துண்டித்தான். மறுபடி கூப்பிட்டாள், மறுபடி துண்டித்தான்.

மத்தியானம் வந்தது, படுக்கை எதுவும் காலியாகவில்லை. அப்பாவின் மூச்சு நின்று நின்று வந்ததால், தொண்டைக்குள் குழாய் இறக்கி, அதன் முனையில் ஒரு ரப்பர் பையை மாட்டி, கையால் அமுக்கிக் காற்று கொடுக்கச் சொன்னார்கள். நர்ஸுக்கு நூறு வேலை. ஆகவே பை அக்காவிடம் வந்தது. ஒரு அமுக்கு, ஒரு விடுப்பு. கவுன்டர் சீருடையோடு நடைபாதையில் நின்று அவள் அமுக்கிக்கொண்டே இருந்தாள். விரல் மரத்துப்போனால் கையை மாற்றிக்கொள்வாள். அம்மா தானும் அமுக்குகிறேன் என்று வாங்கிப் பார்த்தாள். அழுகையில் தாளம் தவறியது, அக்கா திரும்ப வாங்கிக்கொண்டாள். தண்ணீர் கேன் எடுக்க வருகிறவர்கள் "கொஞ்சம் வழி விடும்மா" என்று சொல்லிவிட்டு ஸ்ட்ரெச்சரை நகர்த்தினார்கள்.

சின்னவன் சாயங்காலம் கீழே வந்தான். அக்கா அவனைப் பார்த்ததும், சுற்றி ஆட்கள் இருந்ததால், "வாங்க சார்" என்றாள். கை நிற்கவில்லை. அவன் பையை வாங்கவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் டாக்டர் வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து, "போதும்மா" என்றார். அவர் சொன்ன பிறகும் அவள் நாலைந்து தடவை அமுக்கினாள்.

மாமியார் மறுநாள் நன்றாகத் தூங்கி எழுந்து வீட்டுக்குப் போனார்.

அப்பா இறந்ததை ஆபீசில் சொல்லாமல், காய்ச்சல் என்று ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்த சின்னவன் அறிக்கை எழுத வேண்டியிருந்தது. மூன்றாம் கவுன்டர்காரி தன் சொந்தக்காரருக்காக விதியை மீறிப் படுக்கையைப் பிடித்து வைத்தாள், இருக்கையை விட்டுப் போனாள், மருத்துவமனையையே முடக்கினாள் என்று அக்காவுக்குக் குறிப்பாணை போயிருந்தது. படுக்கை அவள் கையை விட்டு எப்படிப் போனது என்ற இடத்தில் சின்னவனின் பேனா நின்றது.

"நாம துண்டிச்சோம்னு எழுதாதய்யா" என்றார் உடனடி. "நாளைக்கு எவனாவது கேஸ் போட்டா, ஐடி ஆளு ஒருத்தன் சாகக் கெடந்தவனோட படுக்கையப் புடுங்கினான்னு ஆயிடும். பயனர் பக்கத்துல இணைப்பு முடிஞ்சதுன்னு எழுது. தப்பா எதையாவது அழுத்தியிருப்பா. யாரு பாத்தா."

சின்னவன் அப்படியே எழுதினான். வெள்ளிக்கிழமை நேர்காணலும் நடந்தது. நெருக்கடியான நேரத்தில் தயங்காமல் முடிவெடுப்பவர் என்று அவனைப் பற்றி எழுதிக்கொண்டார்கள்.

வீட்டில் வாடகை நாற்காலிகள் இன்னும் திருப்பிக் கொடுக்கப்படவில்லை. அம்மா சுவரில் சாய்ந்திருந்தாள், பக்கத்தில் சித்தி. வேறு சில உறவுக்காரர்கள் கிளம்பப் பார்த்துக்கொண்டு, யார் முதலில் கிளம்புவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா சமையலறை வாசலில் நின்று சின்னவனை ஜாடை காட்டிக் கூப்பிட்டாள். உள்ளே போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தம்பி, திங்கக்கிழமை விசாரணை. வேல போயிடும்னு நெனைக்கிறேன். போகட்டும். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. உனக்குத்தான் உள்ள இருக்கிறது எல்லாம் தெரியும். அந்த துண்டு எப்படிடா போச்சு? இத்தன வருஷமா போடுறேன், ஒரு தடவகூட போனதில்ல. நான் தப்பா எதையாவது அழுத்திட்டேனா?"

அவள் வலது கை விரல்கள் தானாகவே மடங்கி விரிந்துகொண்டிருந்தன. அன்றைக்குப் பிறகு அப்படித்தான். தூக்கத்திலும் அமுக்குகிறாள் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

சின்னவன் அந்தக் கையைப் பார்த்தான். உண்மை நாக்கு நுனிவரை வந்தது என்றெல்லாம் சொன்னால் அது அவனுக்குக் கொடுக்கும் மரியாதை. வரவில்லை. அவனுக்கு வந்தது அறிக்கையில் எழுதிய வாக்கியம்தான்.

"ஆமாக்கா. மூடுற பொத்தான அழுத்தியிருக்க. ரெகார்டுல அப்படித்தான் இருக்கு."

அக்கா தலையை ஆட்டினாள். "எனக்கு அப்பவே சந்தேகம். அவசரத்துல எந்திரிக்கும்போது கை பட்டுருக்கும். கை அன்னிக்கு நடுங்கிச்சுடா." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அம்மாகிட்ட சொல்லிடணும். மறைச்சு வச்சா எனக்குத் தாங்காது."

வேண்டாம் என்று அவன் சொல்வதற்குள் அவள் கூடத்துக்குப் போய் அம்மாவின் எதிரே உட்கார்ந்துவிட்டாள். எல்லார் முன்னாலும் சொன்னாள். படுக்கை கிடைத்தது, தன் கையில்தான் இருந்தது, தன் கைதான் தவறுதலாகப் பட்டு அதை விட்டுவிட்டது என்றாள். 

அம்மா முதலில் புரியாதவள்போலப் பார்த்தாள். பிறகு புரிந்தது. அவள் சத்தம் போடவில்லை. "உன்ன ஆளாக்கின மனுசன உன் கையாலயே கொன்னுட்டியே" என்றாள். "எந்திரிச்சுப் போ. என் கண்ணு முன்னால நிக்காத." சித்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு மூத்தவளை ஏற இறங்கப் பார்த்தாள். நாற்காலியில் இருந்தவர்களில் ஒருவர், அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, படிக்காததுகளிடம் கம்ப்யூட்டரைக் கொடுத்தால் இப்படித்தான் என்றார்.

அக்கா எழுந்திருக்கவில்லை. கையை மடியில் வைத்து மற்றொரு கையால் அழுத்திப் பிடித்திருந்தாள். ஆனாலும் அது துடித்தது.

எல்லாரும் சின்னவனைப் பார்த்தார்கள். இனி வீட்டுக்கு ஆண்பிள்ளை அவன்தானே. அவன் ஏதாவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார்கள். அவன் வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளில் கை வைத்தான்.

"விடும்மா" என்றான். "அவ என்ன வேணும்னா செஞ்சா? மனுசங்களுக்குக் கை தவறுறது சகஜம். நானே மனசத் தேத்திக்கிட்டேன். நீயும் அவள மன்னிச்சிடு."

சித்தி அழுதுகொண்டே, இப்படி ஒரு பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்றாள். நாற்காலியில் இருந்தவர் அப்பனின் பெரிய மனசு அப்படியே இருக்கிறது என்றார். அக்கா தம்பியின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வலது கை அப்போதும் மடங்கி விரிந்தது. ஒரு அமுக்கு, ஒரு விடுப்பு. அவன் கையை உருவிக்கொள்ளவில்லை, எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.